பழைய கரையோரம் மும்பையில் இரண்டு நாள்

சனிக்கிழமை காலை இறங்கி ஞாயிறு இரவு திரும்பும் மும்பைப் பயணத்துக்கு ஊரறிந்த ஒரு பட்டியல் உண்டு. கேட்வே ஆஃப் இந்தியா, தாஜ் ஹோட்டல், மரைன் டிரைவ், ஹாஜி அலி, சித்தி விநாயகர் கோயில், ஜுஹு கடற்கரை, நேரம் மிஞ்சினால் ஏதாவது ஒரு நடிகர் வீட்டு வாசல். நண்பர்கள் இருவர் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் பாதிப் பொழுது டாக்ஸிக்குள்ளேயே கழியும். மீதிப் பொழுதில் ஒவ்வொரு இடத்திலும் இறங்கிப் படமெடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓட வேண்டியதுதான். திரும்பி வந்தவரிடம் மும்பை எப்படி இருந்தது என்று கேட்டால் கூட்டம், வெயில், டிராஃபிக் என்பார். அத்தனையையும் பார்த்த பிறகும் ஊர் பிடிபடாமல் போவதற்குக் காரணம், அந்த இடங்களை ஒன்றோடொன்று கட்டும் கயிறு பட்டியலில் இல்லாததுதான். இரண்டே நாள்தான் கையில் இருக்கிறது என்றால், இந்த நிலம் எங்கிருந்து வந்தது என்ற ஒற்றைக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மும்பைக்குள் போக வேண்டும் என்பது என் கட்சி. மற்ற ஊர்களில் வரலாற்று மாணவருக்கு மட்டும் உரிய கேள்வி இது. மும்பையில் காலடியில் கிடக்கும் கேள்வி.

ஏனென்றால் இன்று நாம் தென்மும்பை என்று நடந்து போகிற தரை ஒரு காலத்தில் ஏழு தீவுகள். கொலாபா, அதையடுத்த சிறு தீவு, பம்பாய், மஜ்காவ், பரேல், வொர்லி, மாஹிம். நடுவே சேறும் உப்பங்கழியும். 1661-இல் எழுதிய திருமண ஒப்பந்தப்படி, போர்ச்சுகல் இளவரசியை மணந்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்குச் சீதனமாகக் கைமாறிய இடம் இது. மன்னருக்கே அது சுமையாகப் பட்டிருக்க வேண்டும். 1668-இல் ஆண்டுக்குப் பத்து பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். கம்பெனி கண்டது கிழக்குப் பக்கத்து ஆழமான துறைமுகத்தை. துறைமுகம் இருந்தது, ஊர் அமையத் தரை இல்லை. அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் அணை கட்டி, குன்றை உடைத்து, மண் கொட்டிக் கடலைத் தூர்த்தார்கள். சிங்கப்பூரும் டோக்கியோவும்கூடக் கடலைத் தூர்த்த ஊர்கள்தாம். மும்பையில் ஒவ்வொரு காலத்துத் தூர்ப்பும் தனக்கென ஒரு கட்டடப் பாணியையும், ஒரு பணக்கார வர்க்கத்தையும், ஒரு மோசடிக் கதையையும் விட்டுச் சென்றிருக்கிறது. அதனால் பழைய கரைகளை அடுத்தடுத்துக் கடந்து நடந்தால் போதும், ஊரின் கதை வரிசை பிசகாமல் வந்துவிடும்.

தொடங்க நல்ல இடம் கொலாபாவின் சசூன் டாக். பாக்தாத்திலிருந்து வந்த யூத வணிகக் குடும்பமான சசூன்கள் 1875-இல் தூர்த்த நிலத்தில் கட்டிய துறை அது. பருத்திக்காகக் கட்டியது, இன்று மீனுக்காக இயங்குகிறது. விடிவதற்குள் போய்விட வேண்டும். படகிலிருந்து கரைக்குக் கூடைகள் ஆள்மாற்றி ஆளாகப் பறந்து வரும். புடவையைக் கச்சமாக வரிந்து கட்டிய கோலிப் பெண்கள் குவியலைச் சுற்றி நின்று ஏலம் கேட்பார்கள். விலை ஏறுவதை வெளியாள் கண்டுபிடிக்கவே நேரமாகும். ஓரமாக இறால் உரிக்கும் பெண்களின் விரல்கள் பேச்சுக்கு இடையிலும் நிற்பதில்லை. தரையெல்லாம் ஐஸ் உருகிய தண்ணீர். தீவுகள் தீவுகளாக இருந்தபோதே இங்கே வாழ்ந்தவர்கள் கோலி மீனவர்கள். ஊரை அவர்களிடமிருந்து தொடங்குவதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கிருந்து கேட்வே நடக்கிற தூரம். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் வந்து இறங்கியதற்கு நினைவாக எழுந்த கல் வளைவு, 1924-இல்தான் முடிந்தது. 1948 பிப்ரவரி 28-இல் கடைசிப் பிரிட்டிஷ் படைப்பிரிவு அதன் வழியாகவே கப்பலேறியது. வடக்கே கோட்டைப் பகுதியில் இன்று கோட்டை கிடையாது. 1860-களில் கவர்னர் பார்ட்டில் ஃப்ரியர் மதில்களை இடிக்கச் சொன்னார். மேற்கு வாயில் செயின்ட் தாமஸ் ஆலயத்துக்குப் போகும் வாயில். அது நின்ற இடத்தருகேதான் ஃப்ளோரா நீரூற்று இருக்கிறது. அதே வாயிலின் பெயரைச் சுமக்கும் சர்ச்கேட் ரயில் நிலையமோ மேற்கே பத்து நிமிட நடையில். ரயில்பாதை போட்ட காலத்தில் அதன் மேற்கே அலையடித்தது. இன்று நிலையத்தை விட்டு வெளியே வந்து பார்த்தால் அதற்கும் மேற்கே தெருக்கள், கட்டடங்கள், பிறகுதான் கடல்.

ஓவல் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை போனாலும் சரி, சனிக்கிழமை மாலை போனாலும் சரி, ஒரே புல்வெளியில் பத்துப் பதினைந்து கிரிக்கெட் ஆட்டங்கள் ஒன்றின் எல்லைக்குள் ஒன்றாக நடந்துகொண்டிருக்கும். அந்த மைதானத்தின் நடுவழியில் நின்று முதலில் கிழக்கே பார்க்க வேண்டும், பிறகு மேற்கே. கிழக்கே கல்: உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகம், 85 மீட்டர் உயர ராஜாபாய் மணிக்கூண்டு. எல்லாம் 1870-களின் கோதிக். மேற்கே சிமெண்ட்: எம்ப்ரஸ் கோர்ட், ரஜ்ஜப் மஹால் என்று 1930-களில் எழுந்த ஆர்ட் டெகோ அடுக்ககங்கள், கப்பல் மேல்தளம் போல வளைந்த பால்கனிகள், உதயசூரியன் போல விரியும் இரும்புக் கிராதிகள். இரு வரிசையும் அடங்கிய 94 கட்டடங்களுக்கு 2018-இல் யுனெஸ்கோ உலக மரபுத் தகுதி தந்தது. இரண்டு வரிசைக்கும் இடையில் கிடப்பது ஒரு மைதானமும் ஒரு திவாலும். 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது நின்றது. இந்தியப் பருத்தியின் விலை ஏறி பம்பாயில் பணம் கொட்டியது. பணத்தைப் போட இடம் தேடியவர்கள் கண்டுபிடித்தது கடலைத் தூர்க்கும் கம்பெனிகளை. மேற்குக் கடலைத் தூர்க்க வந்த பேக் பே கம்பெனியின் பங்குகள் முகமதிப்பைப் போலப் பல மடங்குக்கு விலைபோயின. 1865-இல் அமெரிக்கப் போர் முடிந்தது, பருத்தி விலை விழுந்தது, கம்பெனிகள் கவிழ்ந்தன. அந்தச் சூதாட்டத்தின் மன்னர் பிரேம்சந்த் ராய்சந்த். கவிழ்வதற்கு முந்தைய ஆண்டு அவர் கொடுத்த நன்கொடையில் எழுந்ததுதான் ராஜாபாய் மணிக்கூண்டு, ராஜாபாய் அவருடைய தாயார். ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் இந்தியாவுக்கு வராமலே லண்டனில் இருந்து வரைந்து அனுப்பிய கட்டடம் அது. தூர்க்கப்படாத கடலின் லாபம் கிழக்கே மணிக்கூண்டாக நிற்கிறது. அறுபது எழுபது ஆண்டு கழித்து நிஜமாகவே தூர்த்த கடல் மேற்கே வீடுகளாக நிற்கிறது. கேள்வி கையில் இல்லாதவருக்கு இவை இரண்டும் படமெடுக்க நல்ல பின்னணி மட்டுமே.

மேற்கு வரிசையைத் தாண்டினால் மரைன் டிரைவ். கடல் பார்க்க வருகிறவர்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் அந்தச் சாலையும் கட்டடங்களும் 1920-களில் கவர்னர் ஜார்ஜ் லாயிட் மறுபடி கையிலெடுத்த பேக் பே திட்டத்தின் விளைவு. செலவு எகிறியது, வேலை தேங்கியது, திட்டமிட்டதில் ஒரு பகுதிதான் முடிந்தது. உள்ளே நடந்த ஊழலை வெளியே கொண்டுவந்தவர் குர்ஷெத் நரிமன் என்ற பார்சி வழக்கறிஞர். அதற்காக அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டார்கள், அவர் வென்றார். சுதந்திரத்துக்குப் பிறகு அதே கடலை மேலும் தூர்த்து உயரக் கட்டடங்கள் எழுப்பிய முனைக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள், நரிமன் பாயின்ட் என்று. மாலையில் அந்த முனையில் உட்காருகிற ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. கல்வெட்டில்லாமலே அவர் அந்த இடத்துக்கு உரியவர்.

இப்படிப் பார்ப்பதற்கு நண்பர் ஒருவர் தேவை, ஒருவரே தேவை என்பதையும் சொல்லியாக வேண்டும். தனியாகப் போவதே ஆழம் என்று ஒரு கட்சி உண்டு. கும்பலாகப் போனால் செலவு குறையும் என்று இன்னொரு கட்சி. தனியாக நடப்பவர் தனக்கு ஏற்கெனவே பார்க்கத் தெரிந்ததையே பார்ப்பார். கட்டடப் பித்துள்ளவர் கல்லைப் பார்ப்பார், கணக்குப் பார்க்கிறவர் வாடகையை விசாரிப்பார். கல்லுக்கும் வாடகைக்கும் என்ன தொடர்பு என்ற பேச்சு இருவர் சேர்ந்து நிற்கும்போதுதான் பிறக்கும். ஆறு பேர் போனாலோ எங்கே சாப்பிடுவது என்பதற்கே ஓட்டெடுப்பு நடத்த வேண்டும். இருவர் என்றால் ஈரானி ஓட்டலின் சின்ன மேஜை போதும்; மெட்ரோ சினிமா பக்கத்தில் 1904 முதல் நடக்கும் கயானியில் பன் மஸ்காவைச் சாயாவில் தோய்த்தபடி, சற்று முன் பார்த்த மணிக்கூண்டைப் பற்றிச் சண்டை போடலாம். நண்பருக்கு இதிலெல்லாம் ஆர்வமில்லை, கொலாபா காஸ்வேயில் ஷாப்பிங் செய்யத்தான் வந்தார் என்றால்? செய்யட்டும். அவர் பேரம் பேசும் அந்தச் சாலையும் தீவை இணைக்க 1838-இல் கடல்மேல் போட்ட பாதைதான், கேள்வி அங்கேயும் கூடவே வரும். நடைமுறைச் சிக்கல் வேறொன்று இருக்கிறது. ஆணும் பெண்ணுமாக நண்பர்கள் போனால், நெரிசல் நேரத்து லோக்கலில் அவரவர் பெட்டிக்குப் பிரிந்து போவதே நல்லது. இறங்கும் நிலையத்தை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

முதல்முறை போகிறவர் புகழ்பெற்ற இடங்களை விட்டுவிடலாமா என்ற ஆட்சேபம் நியாயமானது. சொன்ன வழியைத் திரும்பப் பார்த்தால் கேட்வே, அதன் எதிரே நிற்கும் தாஜ், மரைன் டிரைவ் எல்லாம் வழியிலேயே வந்துவிட்டன. 1888-இல் முடிந்த பழைய விக்டோரியா டெர்மினஸும் அதே பழைய கிழக்குக் கரையோரத்தில்தான் நிற்கிறது. 1853 ஏப்ரல் 16-இல் தாணேவுக்கு நாட்டின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட போரி பந்தர் அதனருகே. ஜே.ஜே. கலைப்பள்ளி மாணவர்கள் செதுக்கிய குரங்கும் மயிலும் அதன் சுவரில் இருக்கின்றன, தலையைத் தூக்கிப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். உண்மையில் விடுபடுவது எலிபெண்டா. இதற்கு என்னிடம் சமாதானமான பதில் இல்லை. அந்தக் குகையின் மூன்று முகச் சிவன் இந்தியச் சிற்பத்தின் சிகரங்களில் ஒன்று. படகில் போய்வரவும் பார்க்கவும் அரை நாள் வேண்டும், அரை நாள் என்பது இந்தப் பயணத்தில் கால் பங்கு. அவசரமாகப் பார்ப்பதைவிட அதற்கென்றே இன்னொரு முறை வருவது மேல் என்பேன். தீவுக்குப் பெயர் தந்த கல் யானை மட்டும் நகருக்குள்ளேயே, பைகுலாவில் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்தின் வெளியே நிற்கிறது. இங்கிலாந்துக்குக் கொண்டுபோக முயன்றபோது உடைந்து, பிறகு ஒட்டவைக்கப்பட்ட யானை அது.

ஞாயிற்றுக்கிழமையைத் திட்டமிடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ரயில்வே அறிவிப்பை. வாரமெல்லாம் ஓடிய தண்டவாளங்களைப் பழுதுபார்க்க அன்றுதான் நேரம். மத்திய ரயில்வே மெகாபிளாக் என்று சொல்லும், மேற்கு ரயில்வே ஜம்போ பிளாக் என்று சொல்லும். காலை பதினோரு மணியிலிருந்து பிற்பகல் நான்கு வரை சில தடங்களில் வண்டி குறையும். 2025 அக்டோபரில் கஃப் பரேட் வரை முழுதாகத் திறந்த பாதாள மெட்ரோ இந்தக் குறையை ஓரளவு தீர்த்திருக்கிறது. காலையில் போக வேண்டிய இடம் மஹாலக்ஷ்மி. இங்கே பம்பாய்த் தீவுக்கும் வொர்லிக்கும் நடுவே பெரிய உடைப்பு ஒன்று இருந்தது. கடல் ஏறும்போதெல்லாம் அதன் வழியே தண்ணீர் உள்ளே புகுந்து தீவின் நடுப்பகுதியைச் சேறாக்கியது. கவர்னர் வில்லியம் ஹார்ன்பி 1780-களில் அதை அணைபோட்டு அடைத்தார். பின்னால் காய்ந்த தரையில்தான் குதிரைப் பந்தயத் திடலும் பஞ்சாலைகளும் வந்தன. அந்த அணையின் மேல்தான் இன்று கார்கள் போகின்றன. கடல் எவ்வளவு தூரம் ஏறும் என்பதைக் கண்ணால் காண ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் நடைபாதை போதும். கடல் ஏறும் நேரத்தில் அது தண்ணீருக்குள் போய்விடும், வற்றியதும் மக்கள் மறுபடி வரிசையாக நடப்பார்கள். அதே கரையில் 2024-இல் போக்குவரத்துக்குத் திறந்த கடற்கரைச் சாலை புதிதாகத் தூர்த்த நிலத்தில் ஓடுகிறது. வொர்லி கோலிவாடா மீனவர்கள் அந்தத் திட்டத்தை வெறுமனே எதிர்க்கவில்லை, பாலத் தூண்களுக்கிடையே தங்கள் படகு பத்திரமாகப் போக இடைவெளி வேண்டும் என்று கணக்கோடு கேட்டார்கள். 60 மீட்டராக இருந்ததை 120 மீட்டராக்க அரசு 2022 இறுதியில் ஒப்புக்கொண்டது. அவர்கள் கேட்டது அதற்கும் மேல்.

இதில் தமிழர் கதையும் கலந்திருக்கிறது. மாஹிம் கழியோரச் சதுப்பில் கோலி மீனவர் ஊராக இருந்த தாராவி, கழி சுருங்கச் சுருங்க மேடாக்கப்பட்டது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தோல் பதனிடுவோரும் சௌராஷ்டிரத்துக் குயவர்களும் அங்கே குடியேறினார்கள். நகருக்கு வேண்டாத தொழிலை, நகருக்கு வேண்டாத சேற்றுநிலத்தில் தள்ளியதன் பலன் அது. இன்று அந்தச் சேற்றுநிலம் பாந்த்ரா குர்லா வணிக வளாகத்துக்குப் பக்கத்து நிலமாகிவிட்டதால் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. தாராவியைக் காமிராவோடு சுற்றிப் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. அங்கே உறவோ நட்போ இருந்தால் அவர்கள் வீட்டுக்குப் போகலாம், இல்லையென்றால் கும்பார்வாடாவில் சட்டியோ அகலோ வாங்கிக்கொண்டு பேசிவிட்டு வரலாம். மறுபக்கம் மாட்டுங்கா. 1896-இன் பிளேக் ஊரை உலுக்கிய பிறகு அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் அளந்து போட்ட தெருக்கள், மரங்கள், ஐந்து பூங்காக்கள். இங்கே வந்தவர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரிந்து ஆபீஸ் வேலைக்கு வந்த தமிழர்கள். ஆஸ்திக சமாஜம் கோயில் வாசலில் பூ தொடுப்பவர்கள், வாழையிலைக் கட்டு, கஃபே மெட்ராஸ் முன்னால் ஞாயிறு காலையில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்கும் கூட்டம். இரண்டு குடியிருப்புக்கும் நடுவே ரயில்பாதை. நடந்தே போகிற தூரம். ஒரே மாநிலத்து மனிதரை இரண்டு விதமான தரை எப்படி இரண்டு விதமாக உட்கார வைத்தது என்பதை ஒரே பிற்பகலில் பார்க்க முடிகிற இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

விடுமுறைக்குப் போகிறவருக்கு இவ்வளவு பாரம் எதற்கு என்று கேட்கலாம். கடலைத் தூர்க்காவிட்டால் மும்பையே இல்லையே, பிறகென்ன குறை என்றும் கேட்கலாம். குறை சொல்வது என் நோக்கமில்லை. அந்தத் தரையில்தான் கோடிக்கு மேற்பட்டவர்கள் பிழைக்கிறார்கள். ஆனால் கடல் தன் கணக்கை மறப்பதில்லை என்பதற்கு 2005 ஜூலை 26 சாட்சி. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. கொலாபாவில் அதே நாள் 73 மட்டும். வடக்கே பெய்தது வடிய வேண்டிய மித்தி ஆற்றின் மேல் விமான ஓடுபாதை, அதன் சதுப்பில் வணிக வளாகம். நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ஆகவே எந்த மாதம் போவது என்ற கேள்விக்கு எல்லாக் கையேடுகளும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்று சொன்னாலும், மழையைத் தாங்கக்கூடிய நண்பர்களுக்கு நான் ஜூலையைச் சொல்வேன். அப்போது சசூன் டாக் அமைதியாக இருக்கும், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். எலிபெண்டா படகும் நிற்கலாம். கடல் நாலரை மீட்டருக்கு மேல் ஏறும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே அறிவிக்கும். அந்நேரத்தில் கனமழையும் சேர்ந்தால் வடிகால் வாய்களை அடைத்துவிடுவார்கள், தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் நிற்கும். அப்படிப்பட்ட நாளில் அலையோரம் போகக் கூடாது. போலீஸ் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம், மரைன் டிரைவ் கட்டடங்களின் படியோரமாக நின்றால் போதும். நான்கு கால் கான்கிரீட் கட்டிகளான டெட்ராபாடுகளைத் தாண்டி அலை சாலைக்குள் விழும். விமானம் தாமதமாகும் வாய்ப்பு உண்டு என்பதால், திங்கட்கிழமைக்கு ஒரு விடுப்பைக் கைவசம் வைத்துக்கொண்டு கிளம்புவது நல்லது.